நாற்றம் அடித்தால் கூப்பிடுங்கள்

மூத்தவளுக்கு முதன்முதலில் வயிறு எரிந்தது ஒரு தொலைபேசி அழைப்பில். மறுமுனையில் பேசிய பெரியவர் எங்கே என்ன நாற்றம் என்று சொல்வதற்கு முன்னால், "அந்தச் சின்னவங்க இல்லீங்களா? சிரிச்ச முகமா வந்து நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாங்களே, அவங்க?" என்று கேட்டார். இது கட்டுப்பாட்டு அறை, இங்கே பேசுவது நான்தான் என்று மூத்தவள் சொன்னாள். "அப்படியா, சரி, பரவால்ல" என்றார் அவர், கடையில் கேட்ட சரக்கு இல்லாததால் இருப்பதை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி.

அந்தப் 'பரவால்ல' அவளுக்கு நாள் முழுவதும் சீரணமாகவில்லை.

துறைமுகத்தில் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கும் காஸ், பெரிய தொட்டிகளிலிருந்து பூமிக்கடியில் ஓர் இரும்புக் குழாய் வழியாக நகரத்தின் மறுகோடியில் உள்ள மின் நிலையத்துக்குப் போகிறது. குழாய் புதைத்த காலத்தில் மேலே வெட்டவெளி. பிறகு நகரம் வளர்ந்து குழாயின் தலைமேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அதன்மேல் தெருக்கள், பட்டறைகள், ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. காஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அழுகின முட்டை நாற்றம் கொண்ட மருந்தைக் கலந்துதான் அனுப்புவார்கள். ஆகவே குழாய்க்கு முதல் காவல் தெருக்காரர்களின் மூக்கு. அடுத்த காவல், கட்டுப்பாட்டு அறையில் மூத்தவளின் மேசைமேல் இருந்த தொலைபேசி.

அந்த நாற்காலியில் அவள் பல வருடங்களாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் திரைகள், திரைகளில் குழாயின் ஒவ்வொரு துண்டிலும் உள்ள அழுத்தம். ஆபத்து என்றால் வால்வுகளை மூடும் அதிகாரமும் அவள் விரல் நுனியில்தான் இருந்தது. மூடினால் மின் நிலையம் படுத்துவிடும், பாதி நகரம் இருண்டுவிடும். அப்படிப்பட்ட வேலை செய்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு உண்டு. ஆனால் வெளியே யாருக்கும் அது தெரியாது. ஜன்னல் இல்லாத அறை. ஒரு குறையும் இல்லாமல் பணிநேரம் முடிந்தால் அதுதான் அங்கே சாதனை, அதற்கு யார் கைதட்டுவார்கள்?

இளையவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் கீழே மூத்தவள் குடும்பம், மாடியில் இளையவள் குடும்பம், சமையலறை மட்டும் பொது. கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று இளையவளிடம் சொன்னதே மூத்தவள்தான். நல்ல பெண், சூட்டிகையானவள் என்று மேலாளரிடம் பரிந்து பேசியதும் அவளே. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே நொந்துகொள்வாள்.

இளையவளுக்குக் கிடைத்தது தெரு வேலை. குழாய் போகும் வழியெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கி, நாற்றம் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நெருப்பு வேண்டாம், விளக்கு சுவிட்சைத் தொட வேண்டாம், வெளியே வந்து தள்ளி நின்று இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வெயிலில் அலையும் வேலை, இரண்டே மாதத்தில் ஓடிவந்துவிடுவாள் என்றுதான் மூத்தவள் எண்ணினாள். அவளோ அதில் ஊறிப்போனாள். எந்த வீட்டில் காது கேட்காதவர் இருக்கிறார், எந்த வீட்டில் படுத்த படுக்கையானவர் இருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. தெருக்காரர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். வீட்டிலும் அதே கதைதான். மாமியார் அண்டை வீட்டாரிடம், "எங்க சின்னவதான் இந்த ஊரையே காப்பாத்திட்டு இருக்கா" என்று சொல்வது மூத்தவளின் காதில் விழுந்தது. பெரியவள் என்ன செய்கிறாள் என்று அவர்கள் கேட்டதற்கு மாமியார் சொன்ன பதில், "அவ ஆபீஸ்ல ஃபோன் எடுக்கறா."

பள்ளிக்கூடத்துக்கு இளையவள் பயிற்சி கொடுக்க வந்த நாளிலிருந்து மூத்தவளின் மகளுக்கும் சித்திப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் தலை பின்னிக்கொள்ள மாடிக்குத்தான் ஓடுவாள். மூத்தவள் கையில் சீப்போடு கீழே நிற்பாள்.

இளையவள் சொல்லிக்கொடுத்ததன் பலனாகத் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. சாக்கடை நாற்றம், குப்பைத் தொட்டி நாற்றம், ஒரு வீட்டில் மெய்யாகவே அழுகின முட்டை. எந்த அழைப்பானாலும் கசிவு காட்டும் கருவி உள்ள ஒரே வேனை அனுப்பியே தீர வேண்டும் என்பது விதி. வேன் போகும், ஒன்றுமில்லை என்று திரும்பிவரும். இவள் ஊரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாள், எங்கள் வேலையே கெடுகிறது என்று மூத்தவள் மேலாளரிடம் முறையிட்டாள். மேலாளர் சிரித்துவிட்டு, போன வருடம் யாருமே கூப்பிடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது என்றார். மூத்தவளின் முகம் சுண்டிப் போயிற்று. இவரும் அவள் கட்சி என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் பள்ளியில் பெரிய செயல்முறை விளக்கம். பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருக்க, கருவி எப்படிச் சத்தம் போடும் என்று காட்டுவதற்காக இளையவள் வேனையே எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவசரம் என்றால் கூப்பிடுங்கள் அக்கா, அப்படியே போட்டுவிட்டு ஓடிவருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மேடையில் சித்தி பக்கத்தில் நிற்கப் போகிறேன் என்று மகள் முந்தின நாளே குதித்துக்கொண்டிருந்தாள். அம்மாவை வரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் பணி இருந்தது, போயிருக்க முடியாது. ஆனாலும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. பட்டறைத் தெருவில் வெல்டிங் வேலை செய்கிறவர். கடை வாசலில் நாற்றம் அடிக்கிறது என்றார். காலையிலிருந்தே லேசாக இருந்ததாம், இப்போது தூக்கலாக இருக்கிறதாம். வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன், அந்தச் சின்ன மேடத்தை வரச் சொல்லுங்கள், அவர் பார்த்துச் சொன்னால் எனக்கு நிம்மதி என்றார்.

மூத்தவள் திரையைப் பார்த்தாள். அழுத்தம் அசையவில்லை. சின்னக் கசிவு திரையில் தெரியாது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். வேனை அனுப்ப வேண்டும். வேன் பள்ளியில் இருக்கிறது. அதற்கு இளையவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பது அவள் கண்முன் படமாக ஓடியது: கூட்டத்தின் நடுவே ஃபோனை எடுப்பாள், எல்லோரும் அவளையே பார்ப்பார்கள், வேனில் ஏறிப் பறப்பாள், தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். கடைசியில் சாக்கடை நாற்றமாக இருக்கும், அதற்கும் அவளுக்குத்தான் பேர்.

"எங்க திரையில எல்லாம் சரியாத்தான் இருக்கு. அது சாக்கடை நாத்தம்" என்றாள்.

"நல்லாத் தெரியுங்களா மேடம்? வேலையை ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்க."

வைத்துவிட்டாள். வைத்த கை ரிசீவரிலேயே இருந்தது. கூப்பிட்டுவிடலாமா என்று ஒரு மனம், கூட்டம் முடியட்டுமே என்று ஒரு மனம். தண்ணீர் குடித்தாள். அடுத்த அழைப்பு வந்தது. அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண். நாற்றம் தாங்க முடியவில்லை, தலை சுற்றுகிறது என்றாள். ஒரே தெருவிலிருந்து இரண்டு அழைப்பு. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், வெல்டிங் கடைக்காரரிடம் நெருப்பு வைக்க வேண்டாமென்று கத்திச் சொல்லுங்கள் என்றாள் மூத்தவள். இணைப்பைத் துண்டித்து இளையவளைக் கூப்பிட்டாள். பட்டறைத் தெரு என்ற சொல் வாயை விட்டு வெளியே வருவதற்குள் இளையவள் ஓடத் தொடங்கிவிட்டாள். ஓட்டத்தின் மூச்சிரைப்பு ஃபோனில் கேட்டது.

அடுத்த நிமிடம் திரையில் ஒன்றும் நடக்கவில்லை, மேசைமேல்தான் நடந்தது. தொலைபேசியின் எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் எரிந்தன.

மூத்தவள் ஒன்றையும் எடுக்கவில்லை. மேலாளரைக் கேட்கவும் இல்லை. பட்டறைத் தெருவின் இருபுறமும் உள்ள வால்வுகளை மூடினாள். மின் நிலையத்திலிருந்து யார் அனுமதி கொடுத்தது என்று கத்தினார்கள். நான் கொடுத்தேன் என்றாள். நகரத்தில் விளக்குகள் அணைந்தன.

காஸ் சாக்கடைக்குள் புகுந்து, மூடிக்கு அடியில் தேங்கி நின்றிருக்கிறது. வெல்டர் தீப்பொறி பறக்கவிட்டதும் சாக்கடை மூடிகள் வரிசையாகத் தூக்கியடித்தன. அவர் கடையின் முன்பக்கம் பற்றிக்கொண்டது. தையற்காரப் பெண் போட்ட கூச்சலில் பாதித் தெரு ஏற்கெனவே வெளியே வந்திருந்தது, மீதிப் பாதியை இளையவள் வந்து வெளியேற்றினாள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு அம்மாளைக் கட்டிலோடு தூக்க ஆள் திரட்டியது அவள்தான். உயிர்ச்சேதம் இல்லை. வெல்டரின் இரண்டு கைகளும் வெந்துபோயின. புருவம் கருகிப் போயிற்று.

மறுநாளிலிருந்து மூத்தவள் பெரிய ஆளாகிவிட்டாள். வால்வை மூடத் தாமதித்திருந்தால் தெருவே போயிருக்கும் என்று நிபுணர்கள் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. செய்தித்தாளில் இருவர் படமும் வந்தது, மூத்தவளுடையது மேலே. யார் படம் பெரிது என்று அவள் பார்த்தாள். பார்த்தபின் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் இன்னொரு முறை பார்த்தாள். மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் பெரியவள் புராணம் பாடினாள். மகள் அவள் மடியில் சாய்ந்துகொண்டு, பட்டனை அமுக்கும்போது பயமா இருந்துச்சாம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தைகள் அவை. வந்து சேர்ந்தபோது ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

காரணம் இளையவளின் மௌனம். மருத்துவமனையில் வெல்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காய் நறுக்குவாள், பாத்திரம் கழுவுவாள், மாடிக்குப் போய்விடுவாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது மூத்தவளுக்கும் தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம், இந்த அமைதியை என்ன செய்வது? இந்த நேரத்திலும் மூத்தவளின் மனம் ஓரிடத்தில் போய் முட்டியது: அந்த ஆள் மருத்துவமனையில் கிடந்துகொண்டு இவளிடம்தான் சொல்லியிருக்கிறார், இவளிடம்தான்.

கம்பெனி பள்ளிக்கூட மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் இருவரும் தனியாக இருந்தார்கள். இளையவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு அவர் எழுந்து கேப்பாரு. நான்தான் கேக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லது."

"உனக்கு வேண்டியது இதுதானே" என்றாள் மூத்தவள். "என்னை அந்த நாற்காலியிலேருந்து இறக்கிட்டு நீ ஏறி உக்காரணும்."

இளையவள் மறுக்கவில்லை. அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஆசை இருந்துச்சு. இப்பவும் இருக்கு. நீங்க ஒரு விரலால பாதி ஊரை நிறுத்துறீங்க. நான் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு பல்லைக் காட்டிட்டு, செருப்பு தேய அலையறேன். உங்களைப் பார்த்து எனக்கு எத்தனை நாள் எரிஞ்சிருக்கு தெரியுமா? ஆனா இது அதுக்காக இல்லக்கா. அடுத்த தடவை நாத்தம் அடிச்சா அவர் கூப்பிட மாட்டாரு. அந்தத் தெருவில ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா என்ன ஆச்சுன்னு அவர் கையைப் பார்த்தாலே தெரியுதே."

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்ற செய்தி, வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் மூத்தவளுக்குத் தேனாக இனித்திருக்கும்.

கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுவது என்றுதான் போனாள். மேடையில் உட்கார்ந்ததும் தைரியம் போய்விட்டது. மேலாளர் பேசினார், கைதட்டினார்கள், அவள் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் மாமியார் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மகள். வெல்டர் எழுந்து நின்றார். இரண்டு கைகளிலும் கட்டு. ஒலிபெருக்கியைப் பிடிக்க முடியாததால் தையற்காரப் பெண் அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். அவர் கோபமாகப் பேசவில்லை. ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்.

"நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி நான் ஃபோன் பண்ணேங்க. எடுத்தது யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

மேலாளர் குறுக்கே புகுந்து, விசாரணை நடக்கிறது, இந்த இடத்தில் அதைப் பேசுவது முறையல்ல என்றார்.

"நான்தான்" என்றாள் மூத்தவள்.

மண்டபத்தில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்று சொன்னாள், கேடயம் கையிலேயே இருந்தது. வேன் இருந்தது, கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும், நான் கூப்பிடவில்லை. சாக்கடை என்று சொன்னதும் ஆரம்பிக்கச் சொன்னதும் நான்தான். ஏன் கூப்பிடவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மூத்தவள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இளையவளைப் பார்த்தாள்.

"கூப்பிட மனசு வரல" என்றாள்.

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். மகளின் முகத்தை மூத்தவள் பார்க்கத் துணியவில்லை.

விசாரணை முடிந்து அவளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்தார்கள். வால்வை மூடியதைக் கருதி வேலையை விட்டு நீக்கவில்லை, அழைப்பைத் தள்ளியதற்காக நாற்காலியில் விட்டுவைக்கவும் இல்லை. அந்த இடம் இளையவளுக்கும் கிடைக்கவில்லை. வேறு ஊரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து போட்டார்கள். இருவரையும் சேர்த்துத் தெருவுக்கு அனுப்பினார்கள். அன்று இரவு இளையவள் மாடியில் அழுததை மூத்தவள் கேட்டாள். ஆறுதல் சொல்லப் படியேறலாம் என்று நினைத்தாள். போனால் என்னவென்று சொல்வது? திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் சில நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. ஒரு காலையில் சித்திக்கு நேரமாகிவிட்டதென்று சீப்பை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். மூத்தவள் பின்னிவிட்டாள்.

தெரு வேலை நினைத்ததுபோல இல்லை. தெருவின் ஒரு பக்கம் இளையவளுக்கு, மறுபக்கம் மூத்தவளுக்கு. எதிர்ப்பக்கம் கதவுகள் திறக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்கும். இவள் பக்கத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்காமலே விட்டார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பழைய எரிச்சல் மறுபடி எட்டிப் பார்க்கும். அது போய்விட்டது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நோட்டீஸைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

பட்டறைத் தெரு வந்தது. வெல்டர் கடையைச் சீர்படுத்தித் திறந்திருந்தார். கைகள் ஆறியிருந்தன, தோல் மட்டும் இழுத்துச் சுருங்கியிருந்தது. இளையவள், இந்தக் கடைக்கு நான் போகட்டுமா அக்கா என்று கேட்டாள். வேண்டாம், என் பக்கம்தானே என்று மூத்தவள் உள்ளே போனாள். மனப்பாடமாகச் சொல்லும் வரிகளைச் சொன்னாள். நெருப்பு வேண்டாம், சுவிட்சைத் தொட வேண்டாம், தள்ளி நின்று இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

வெல்டர் முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இப்பவே போட்டுப் பாருங்க. எடுக்கறாங்களா பாப்போம்."

மூத்தவள் தன் கைப்பேசியில் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அந்த அறையில் உட்கார்ந்து கேட்கும்போது ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே இத்தனை இடைவெளி இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. வெல்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எடுக்கவில்லை. எடுடா பாவி என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். எடுத்தார்கள். புது ஆளின் குரல், எங்கிருந்து பேசுகிறீர்கள், என்ன நாற்றம் என்று கேட்டது. சோதனை அழைப்பு என்று சொல்லித் தெருப் பெயரும் கடை அடையாளமும் சொன்னாள். அதையெல்லாம் அவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான். வேன் அனுப்பட்டுமா என்று கேட்டான்.

மூத்தவள் வெல்டரைப் பார்த்தாள்.

"வரச் சொல்லுங்க" என்றார் அவர். "வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்."

வேன் வந்தது. கருவியை வாசலிலும் சாக்கடை மூடியிலும் வைத்துப் பார்த்தார்கள், சத்தமில்லை. வெல்டர் தலையசைத்தார். நன்றி என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நோட்டீஸை வாங்கி, நன்றாகத் தெரியும்படி சுவரில் ஒட்டிவிட்டு, வேலைக்குத் திரும்பினார்.

மூத்தவள் வெளியே வந்தபோது இளையவள் எதிர்ப்பக்கத்தில் பல வீடுகள் முன்னால் போய்விட்டிருந்தாள். ஏதோ ஒரு வாசலில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் மிச்ச நோட்டீஸ்களைக் கையில் அடுக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் தெருமுனையைத் தொட்டுவிட வேண்டும் என்று நடையை எட்டிப் போட்டாள்.